காடைப் பாட்டின் கடைசி நான்கு வரிகள்

ஐயருடைய விரல் நின்றுவிட்டது.

அதுவரை எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. போன சாரல் சமயம். குத்துக்கல்வலசையில் எங்கள் வீட்டு முன்னறை. வெளியே தூறலா மூடுபனியா என்று தெரியாத அந்த மழை. ஐயரின் மடியில் ஒரு தலையணை, அதன்மேல் அந்தப் பெரிய கிரேக்கப் புத்தகம். என் மகன் எபி சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக் கிடந்தான். திறந்து வைத்தாலும் அவனுக்கு ஒன்றுதான். நான் தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே பாட்டை ஒவ்வொரு வரியாகச் சொல்வேன். ஐயர் புத்தகத்தில் விரலை ஓட்டி, அகராதியைப் புரட்டி, "சரி, மேல சொல்லுங்கம்மா" என்பார்.

எங்கள் சபையில் போதகரை ஐயர் என்போம். இவர் பெயர் ஜான்சன். எபியோடு ஒன்றாக இறையியல் படித்தவர்.

பன்னிரண்டாவது பாட்டில்தான் விரல் நின்றது.

"லே எபி, இந்த வரி இங்கன இல்லையே."

"எந்த வரி?"

"தோத்த பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் கொழுக்கட்டை குடுத்தாங்கன்னு அம்மா சொன்னாகளே, அது. இங்கன தோத்தாங்க, அழுதாங்க, வீட்டுக்குப் போனாங்க, அவ்வளவுதான் இருக்கு. கொழுக்கட்டை எப்பம்லே கான்ஸ்டாண்டிநோபிளுக்குப் போச்சு?"

எபி சிரித்தான். "ஏதாவது பலகாரம்னு இருந்திருக்கும். நான் கொழுக்கட்டைன்னு மாத்திருப்பேன். நல்லாப் பாரு."

"பாத்துட்டம்லே. பலகாரமே இல்ல."

நான் தலை நிமிரவில்லை. உருவி முடித்த காம்பையே மறுபடி மறுபடி உருவிக்கொண்டிருந்தேன்.

செங்கோட்டைக்கு அங்கிட்டா?

கொழுக்கட்டையை அங்கேயே வைத்துவிட்டு, எபிக்கும் கிரேக்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சொல்லிவிடுகிறேன். போன வாரம் இதே பத்திரிகையில் என் கல்யாணத்தில் பந்தல் சரிந்த கதையைச் சொல்லி நிறையப் பேரைச் சிரிக்க வைத்தேன். இந்த வாரம் அப்படி இல்லை. நான் சொல்லச் சொல்ல என் பேத்தி ஷைனிதான் எழுதுகிறாள். என் பேச்சை அப்படியே போட்டால் வெளியூர்க்காரர்களுக்கு விளங்காது என்று அவளே திருத்தி எழுதிவிடுகிறாள். எனக்கு எழுத்து ஆகாது. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் இன்றைக்கும் பெருவிரல்தான்.

என் வீட்டுக்காரர் குற்றாலத்தில் அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். நான் பீடி சுற்றினேன். எங்களுக்குப் பிறந்த பிள்ளை ஐயர் ஆகப்போகிறேன் என்று படிக்கப் போனான். வேதத்தை மூலத்தில் வாசிக்க வேண்டும் என்று அங்கே கிரேக்கம் சொல்லிக்கொடுத்தார்கள். அவன் வேதத்தை விட்டுவிட்டுக் கிரேக்கத்தைப் பிடித்துக்கொண்டான். நூலகத்தில் கழித்துப்போட்ட ஒரு புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தான். பிறகு பள்ளிக்கூடத்தில் சரித்திர வாத்தியார் ஆனான்.

"அது என்ன புஸ்தகம்லே?"

"எம்மா, கான்ஸ்டாண்டிநோபிள்னு ஒரு ஊரு. ஆயிரம் வருசத்துக்கு முன்னால அங்கன உள்ள வாத்தியாருமாரு எழுதுன பாட்டு."

"அது எங்கன இருக்கு? செங்கோட்டைக்கு அங்கிட்டா?"

"கொஞ்சம் அங்கிட்டுத்தான்" என்றான்.

சாமியைப் பற்றியா, ராஜாவைப் பற்றியா என்று கேட்டேன். பள்ளிக்கூடத்தைப் பற்றி என்றான். எனக்கு ஒரே சிரிப்பு. பள்ளிக்கூடத்தைப் பற்றி எவன் பாட்டு எழுதுவான்?

எழுதியிருக்கிறார்கள். அந்த ஊரில் கோயிலுக்குக் கோயில் பள்ளிக்கூடம். ஒரு கோயில் பிள்ளைகளுக்கும் இன்னொரு கோயில் பிள்ளைகளுக்கும் போட்டி. வாத்தியார் வேண்டுமென்றே சிக்கலும் தப்புமாக ஒரு வாக்கியம் சொல்வார். பிள்ளைகள் அதை அவிழ்த்து, திருத்தி எழுத வேண்டும். ஜெயித்த பள்ளிக்கூடத்து வாத்தியார் தோற்ற பள்ளிக்கூடத்தைக் கிண்டல் செய்து பாட்டுக் கட்டுவார். நம் ஊரில் கபடி ஜெயித்தவன் அடிக்கிற கூத்துத்தான்.

ஒரு திருநாளில் எழுத்துப் படிக்கிற பையன்கள் ராஜா வேஷமும் பெண் வேஷமும் கட்டித் தெருவில் ஊர்வலம் போவார்களாம். குலசை தசராவுக்குப் போகிற கூட்டம் என் கண்ணில் வந்து நின்றது. இன்னொரு வாத்தியாருக்கு ஒரே சட்டை. அதையும் பூச்சி அரித்துவிட்டது. ஒரு பெரிய மனிதரிடம் சட்டை கேட்டு அவர் எழுதியது ஒரு பாட்டு. "இவரு நம்ம பள்ளிக்கூடத்து டிராயிங் சார் மாதிரில்லா இருக்காரு" என்றேன். எபி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

கோவை இலை

அவன் தமிழ்ப்படுத்தியது காகிதத்தில் இல்லை. சிலேட்டில்.

அந்த ஊர்ப் பிள்ளைகள் மெழுகு பூசிய பலகையில் எழுதி, அழித்து, மறுபடி எழுதுவார்கள். மனப்பாடம் செய்ததுதான் படிப்பு. பழைய சண்டைக் கதை ஒன்றை நாளைக்கு இத்தனை வரி என்று நெட்டுருப் போட்டு ஒப்பிக்க வேண்டும். இல்லாவிட்டால் பிரம்பு. வாயில் நிற்பதற்காக எழுதினதை வாயில் நிற்கிற மாதிரித்தான் தமிழில் கொண்டுவர வேண்டும் என்று எபிக்கு ஒரு பிடிவாதம்.

காலையில் பள்ளிக்கூடம் போகுமுன் ஒரு பாட்டைச் சிலேட்டில் எழுதுவான். நான் தேங்காய் துருவும் இடத்துக்கு வந்து மூன்று தடவை வாசிப்பான். பிறகு வேலிக் கோவை இலையைக் கசக்கிச் சிலேட்டைத் துடைத்துவிட்டுப் போய்விடுவான். சாயங்காலம் வந்து காப்பி குடித்துக்கொண்டே கேட்பான்.

"எம்மா, ஒப்பி."

நான் ஒப்பிப்பேன். நின்ற வரி நின்றது. நிற்காத வரியை மறுநாள் வேறு மாதிரிச் செய்துகொண்டு வருவான். நூறு பாட்டும் என் வாயில் தங்கிய பிறகு மொத்தமாகக் காகிதத்தில் எழுதுவதாகத் திட்டம்.

"அப்பா, ஆச்சி சொல்லுததை போன்ல பிடிச்சு வச்சிருவோமா?" என்று ஷைனி அப்போதே கேட்டாள். சின்னப் பிள்ளைக்கு இருந்த புத்தி எங்கள் இரண்டு பேருக்கும் இல்லை.

"போன்ல பிடிச்சா ஆச்சி அசால்ட்டா இருந்துருவா" என்றான் எபி. எனக்கு அதில் பெருமை வேறு.

ஏன் பெருமை என்று சொல்கிறேன். நான் பள்ளிக்கூடம் போனது ஒரே ஒரு அரை நாள். மத்தியானம் கஞ்சிக்கு வந்தவளை அம்மா பிடித்து உட்கார வைத்து, மடியில் சொளவைக் கொடுத்தாள். பீடி இலையும் தூளும் வைக்கிற முறத்தைத்தான் சொல்கிறேன். அதோடு படிப்பு முடிந்தது. தெருவில் பத்துப் பெண்கள் சேர்ந்துதான் சுற்றுவோம். கை ஓட வேண்டுமானால் வாய் ஓட வேண்டும். ஒருத்தி பாடியதை ஒரு தடவை கேட்டால் எனக்கு ஒட்டிக்கொள்ளும். கல்யாண வாழ்த்து, ஒப்பாரி, ஞானப்பாட்டு, யாராவது யாரையாவது வைத பாட்டு, எல்லாம்.

எழுத்து தெரியாத பிள்ளைக்குத் திண்டாட்டம் உண்டு. பஸ்ஸில் ஏறினால் யாரையாவது கேட்க வேண்டும். மாத்திரை அட்டையில் எது காலைக்கு, எது ராத்திரிக்கு என்று நிறம் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தத் திண்டாட்டத்தில் கிடந்தவளை ஒரு படித்த பிள்ளை தன் புத்தகமாக வைத்துக்கொண்டான். எனக்கு எப்படி இருந்திருக்கும்? ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போதுகூட அந்த ஊர்ப் பையன்களை வாய்க்குள் சொல்லிக்கொண்டே நிற்பேன்.

எழுபதைத் தாண்டி நான்கைந்து பாட்டு வந்தபோது எபியின் கண் போனது.

கை அந்தரத்தில்

சர்க்கரை. திருநெல்வேலிக்குப் போய் ஊசி போட்டோம், லேசர் வைத்தோம். டாக்டர்கள் தங்களால் ஆனதைச் செய்தார்கள். முதலில் கரும்பலகை மங்கியது, பிறகு பிள்ளைகளின் முகம். வேலையை விட்டான். மருமகள் மெர்சி குவைத்தில் நர்ஸ். அவள் அங்கே இருந்தால்தான் இங்கே அடுப்பு எரியும். வீட்டில் நானும் அவனும் பகலெல்லாம் உட்கார்ந்திருப்போம். ஷைனி காலேஜ் விட்டு வருகிறவரை, வருகிற கடிதத்தைக்கூட வாசிக்க ஆள் இல்லாத வீடு.

அந்தப் பெரிய புத்தகம் அலமாரியில் இருந்தது. அவனுக்குத் தெரியாது, எனக்குப் புரியாது.

சாயங்காலமானால் மட்டும் அவன் எழுந்து உட்காருவான். "எம்மா, ஒப்பி." நான் முதல் பாட்டிலிருந்து தொடங்குவேன். அவன் நாற்காலிக் கையில் விரலால் தாளம் போடுவான். ஒரு வரி முடியும்போது கையைத் தூக்கி, அடுத்த வரி விழும்போது இறக்குவான். நாள் முழுக்கக் கல்லாகக் கிடந்த முகத்தில் அந்தக் கொஞ்ச நேரம் உயிர் வரும்.

பிறகு எனக்குக் காய்ச்சல் வந்தது. மூட்டெல்லாம் முடக்கிப்போடுகிற அந்தக் காய்ச்சல். ஒரு மாதம் படுத்துக் கிடந்து எழுந்தேன். நடை திரும்பியது, சமையல் திரும்பியது. பாட்டில் மட்டும் ஓட்டை விழுந்திருந்தது.

முதல் தடவை நன்றாக நினைவிருக்கிறது. போட்டிப் பாட்டு. தோற்ற பிள்ளைகள் அழுதுகொண்டு படி இறங்குகிறார்கள். அதற்கு அடுத்த வரி இல்லை. தேடுகிறேன், எங்கும் இல்லை. எபியின் கை அந்தரத்தில் நிற்கிறது. அந்தக் கையை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

"எம்மா?"

தோற்ற பிள்ளைகளுக்கும் கொழுக்கட்டை கொடுத்தார்கள் என்று சொல்லிவிட்டேன். எப்படி வந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. கை இறங்கியது. "ஆங்" என்றான் திருப்தியாக.

அன்றிலிருந்து அப்படித்தான். எங்கே ஓட்டையோ அங்கே ஒட்டுப் போட்டேன். தாளத்துக்கு இழைந்து வரும். பீடிக் கட்டில் ஒரு பீடி குறைந்தால் சட்டென்று ஒன்று சுற்றிச் சொருகுவோமே, அந்த வேகம். சில இடத்தில் ஒரு வரி, சில இடத்தில் நாலு வரி. அவன் எங்கேயும் தடுக்கவில்லை. கேட்டுக் கேட்டு அவனுக்கும் அதுதான் பாட்டாகிவிட்டது.

கடைசியில், காகிதத்தில் எழுதி ஒரு பல்கலைக்கழகத்துக்கு அனுப்பலாம், அதற்கு முன் ஜான்சன் ஒரு தடவை மூலத்தோடு ஒத்துப் பார்க்கட்டும் என்றான். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் கிடைக்கவில்லை. முருங்கைக்கீரையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

மறுபடி அந்த முன்னறை

கொழுக்கட்டைக்குப் பிறகு பதின்மூன்றாவதில் விரல் நின்றது. பதினைந்தாவதில் இரண்டு இடம். வேஷம் கட்டின ஊர்வலத்தில் பாதி இல்லை. சட்டை கேட்ட வாத்தியாருக்குப் பெரிய மனிதர் சட்டை கொடுத்தனுப்பவே இல்லை. நான்தான் கொடுத்திருக்கிறேன்.

ஐயர் நல்ல மனிதர். முதலில் சிரித்தவர் பிறகு மெல்லப் பேசினார். கடைசியில் விரல் நின்ற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு மட்டும் போட்டார்.

"எத்தனைலே?" என்றான் எபி.

"இருபது பாத்தோம். ஆறுல..." ஐயர் நிறுத்தினார். "அம்மாவுக்கும் வயசாச்சுல்லா எபி."

எபி எழுந்து உட்கார்ந்தான். "எம்மாவச் சொல்லாத. அவ ஒரு எழுத்து மாத்த மாட்டா. குடுத்ததைத்தான் சொல்லுதா. எழுதும்போதே கண்ணு மங்க ஆரம்பிச்சிருக்கும் ஜான்சா. ஒரு வரி தெரியாமப் போனா இப்படித்தான் இருக்கும்னு நானா எழுதியிருக்கேன். வாத்தியாரா இருந்துக்கிட்டு, ஆயிரம் வருசத்துக்கு முன்னால செத்தவன் வாயில என் வார்த்தையைத் திணிச்சிருக்கேன்."

நான் வாய் திறந்திருக்க வேண்டும். கீரைக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

"புஸ்தகத்தை நீயே கொண்டுபோயிரு" என்று அவன் சொன்னது அங்கே கேட்டது.

அதன்பிறகு சாயங்காலம் வரும், காப்பி ஆறும், "ஒப்பி" என்ற சொல் வராது. சாரல் முடிந்தது. லாட்ஜுகள் காலியாயின. ஒருநாள் ஷைனியிடம் அவன் கேட்டானாம்: "ஏட்டி, கண்ணு மாதிரி மூளையையும் சர்க்கரை திங்குமா? டாக்டர்ட்டக் கேட்டுச் சொல்லு." அவள் வந்து என் மடியில் விழுந்து அழுதாள்.

அவளிடம்தான் முதலில் சொன்னேன். அவள் என் மடியிலிருந்து எழுந்து உட்கார்ந்தாள்.

"ஆச்சி, அப்போ காடைப் பாட்டு?"

காடைப் பாட்டு

எபிக்கு மிகப் பிடித்தது அதுதான். ஒரு பையன் பள்ளிக்கூடம் வராமல் பறவைச் சந்தையில் காடைகளோடு விளையாடப் போய்விடுகிறான். வாத்தியார் அவன் அப்பனுக்கு எழுதுகிறார். பாட்டின் கடைசி நான்கு வரி இப்படி:

பிரம்பை மூலையில் சாத்தி வாத்தியார் புறப்பட்டார்,
பறவைச் சந்தையில் பையன் பக்கம் குத்தவைத்தார்,
ஒன்றும் கேட்கவில்லை, ஒன்றும் சொல்லவில்லை,
உள்ளங்கையில் தினையை வைத்துக் காடைக்கு நீட்டினார்.

இந்த இடம் வரும்போது எபி தாளத்தை நிறுத்திவிடுவான். "பாத்தியாம்மா, அந்தக் காலத்துல, அந்த ஊருல, ஒருத்தன் இருந்திருக்கான். ஒருத்தனாவது இருந்திருக்கான்" என்பான். எபியும் பிரம்பு தொடாத வாத்தியார். அதற்காக மற்ற வாத்தியார்கள் அவனைக் கேலி பேசியிருக்கிறார்கள்.

ஷைனி ஐயருக்குப் போன் போட்டு, அந்தப் பாட்டை மட்டும் பார்த்துச் சொல்லச் சொன்னாள். அன்றே கூப்பிட்டார்.

"பையன் காடைக்குப் பின்னால போறான், வாத்தியார் அப்பனுக்கு எழுதுதாரு, வந்தா முதுகுத் தோல் இருக்காதுங்காரு. அதோட முடிஞ்சு போச்சும்மா. சந்தைக்குப் போகல. தினையும் இல்ல."

அப்படியென்றால் அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

எபிக்கு ஏழு வயது. மனப்பாடம் வராமல் அடிக்குப் பயந்து, பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் குற்றாலத்துக்கு ஓடிவிட்டான். பூவரசங்கம்பை ஒடித்துக்கொண்டு போனேன், தோலை உரிக்க. பழைய அருவிப் பக்கம் ஒரு பாறையில் தனியாக உட்கார்ந்திருந்தான். சாரலில் நனைந்து சிறுத்துப்போயிருந்தது பிள்ளை. கம்பைக் கீழே போட்டுவிட்டுப் பக்கத்தில் குத்தவைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. வரும் வழியில் மடியில் கட்டியிருந்த மங்குஸ்தானை உடைத்து, வெள்ளைச் சுளையை உள்ளங்கையில் வைத்து நீட்டினேன்.

அவனுக்கு அது நினைவில் இல்லை. மறுநாள் வாத்தியாரிடம் வாங்கிய அடி நினைவிருக்கிறது.

இப்போது எழுதிக்கொண்டிருக்கிற ஷைனி கண்ணைத் துடைக்கிறாள். ஏட்டி, தாளெல்லாம் நனைந்துவிடப் போகிறது, எழுது.

போன வாரம் சாயங்காலம் காப்பியோடு அவன் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

"ஏலே எபி. நீ ஒண்ணும் தப்பா எழுதல. நாந்தாம்லே மறந்து போயி ஒட்டுப் போட்டேன். காய்ச்சலுக்குப் பொறவு."

காப்பி டம்ளர் அவன் கையில் இருந்தது. தரையைத் தடவி அதை வைத்தான்.

"எது எது ஒட்டு?"

"தெரியலய்யா. எல்லாம் ஒண்ணாக் கலந்து போச்சு. நீ எழுதுனது எது, நான் வச்சது எதுன்னு எனக்கே பிரிக்கத் தெரியல."

"முழுசும் போச்சா?"

அத்தனை வருஷக் காலையும் அத்தனை கோவை இலையும் என் வாயில் கிடந்து அழுகிப்போனது. என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. கையை மெல்லத் தூக்கினான், பழைய தாளத்துக்குத் தூக்குகிற மாதிரி.

"காடைப் பாட்டும்மா. அந்த வாத்தியாரு. அது அவங்களதா, உன்னுதா?"

கை அந்தரத்தில் நின்றது.

"அது அவங்களதுலே" என்றேன். "அதுல நான் கை வைக்கல."

கை இறங்கியது. "அப்போ சரி" என்றான். "அது ஒண்ணு இருக்கட்டும். ஒப்பி."

ஒப்பித்தேன்.

இந்த இதழ் வந்ததும் ஷைனி அவனுக்கு வாசிப்பது வழக்கம். இந்த வாரம் மழையில் தபால் வரவில்லை என்று சொல்லச் சொல்லியிருக்கிறேன். வாசிக்கிற உங்களில் யாராவது சீசனுக்குக் குற்றாலம் வந்து, எங்கள் வீட்டுக்கும் வந்தால், எபி அந்த நான்கு வரியைச் சொல்லுவான். வருகிறவர்கள் எல்லோரிடமும் சொல்லுகிறான். கேட்டுவிட்டு, அந்த ஊர் வாத்தியார் நல்ல மனிதர் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள்.